கோபத்துக்கு உதவி தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபப் பிரச்சினைக்கு யாரிடம் போவது, போனால் என்ன நடக்கும் என்று விசாரிப்பவர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளிமையானவை முதலில், சிக்கலானவை பின்னால். விஷயம் அடிதடி வரை போயிருந்தால் 12-வது கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

1. கோபம் எல்லாருக்கும்தானே வரும்? எனக்கு மட்டும் எதுக்கு டாக்டர்?

கோபம் வருவது நோயில்லை. அநியாயம் நடந்தால், யாராவது எல்லை மீறினால் வர வேண்டிய உணர்ச்சிதான் அது. உதவி தேவையா என்று முடிவு செய்ய நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு உக்கிரமாக வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வந்தபின் என்ன சேதம் மிஞ்சுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று மோசமாக இருந்தாலே போதும். மாதத்துக்கு ஒரு முறைதான் கோபம் வருகிறது, ஆனால் வரும்போது கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறீர்கள் என்றால், 'எப்போதாவதுதானே' என்று தள்ளிப்போட முடியாது. அதேபோல, வாய் திறந்து ஒரு வார்த்தை கத்தாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டு தூக்கம் கெடுபவருக்கும் உதவி தேவை.

உங்களைச் சுற்றி இருப்பவர்களைக் கவனித்தால் பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு கெட்ட செய்தியைச் சொல்லும் முன் வீட்டார் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்களா? நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் பிள்ளைகள் வேறு அறைக்கு எழுந்து போகிறார்களா? 'ஆமாம்' என்றால் இன்னும் பெரிதாக ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

2. யாரைப் பார்க்கணும்? சைக்கியாட்ரிஸ்ட்டா, சைக்காலஜிஸ்ட்டா, கவுன்சிலரா?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்வார். பெரும்பாலான இடங்களில் அவர் மருந்து எழுத முடியாது. கவுன்சிலர்களின் படிப்பும் பயிற்சியும் ஆளுக்கு ஆள் மாறும். பல இடங்களில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு பெற்றிருக்கிறார் என்று கேட்பதில் தவறே இல்லை.

தூக்கமே இல்லை, குடிப்பழக்கம் இருக்கிறது, தற்கொலை எண்ணம் வருகிறது, தலையில் அடிபட்டபின் ஆளே மாறிவிட்டார், இதற்கு முன் மனநலப் பிரச்சினை இருந்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரிடமிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள் உளவியலாளரிடம் தொடங்கலாம். எதுவும் புரியவில்லையா? வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் போங்கள், அவர் அனுப்பிவைப்பார்.

நேரம் வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். கோபப் பிரச்சினைக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் உண்டா? எந்த முறையைப் பின்பற்றுவீர்கள்? வீட்டில் செய்யப் பயிற்சி கொடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுவது நல்லது. கோபம் சிகிச்சை அறையில் வருவதில்லை, வெளியில்தான் வருகிறது. பயிற்சியும் அங்கேதான் நடக்க வேண்டும்.

3. முதல் நாள் போனா என்ன கேப்பாங்க? என்ன கொண்டுபோகணும்?

பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கடைசியாக வந்த கோபம், இதுவரை வந்ததிலேயே மோசமானது, இரண்டையும் விவரமாகக் கேட்பார்கள். எந்த வயதில் தொடங்கியது, வளர்ந்த வீட்டில் கோபம் எப்படி இருந்தது, தூக்கம், குடி, வேறு போதை, சாப்பிடும் மருந்துகள், தலைக்காயம், யாரையாவது அடித்திருக்கிறீர்களா, உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்றெல்லாம் கேள்விகள் வரும். குடியை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். பலர் அங்கேதான் மறைக்கிறார்கள், அதனால் சிகிச்சையே தவறான திசையில் போய்விடுகிறது.

கையில் இரண்டு பொருள் போதும். ஒன்று, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். இன்னொன்று, முந்தைய இரண்டு வாரத்தின் கோபக் குறிப்பு. ஒவ்வொரு முறைக்கும் ஆறு வரி எழுதினால் போதும்: எங்கே, என்ன நடந்தது, அப்போது மனசில் ஓடியது என்ன, உடம்பில் என்ன தெரிந்தது, 1 முதல் 10 வரை கோபத்துக்கு எத்தனை மதிப்பெண், கடைசியில் என்ன செய்தீர்கள். அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் நம் பக்க நியாயம்தான் பெரிதாகத் தெரியும்.

4. இது மனநோயா? இதுக்குப் பேர் ஏதாவது இருக்கா?

பெரும்பாலானவர்களுக்கு எந்தப் பெயரும் வைக்கத் தேவையிருக்காது. பெயர் இல்லாமலே சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு மட்டும், நடந்த விஷயத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில், திட்டமில்லாமல், திடீரென்று வெடிப்பு வரும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு இதை 'இடைவிட்டு வரும் வெடிப்புக் கோளாறு' (Intermittent Explosive Disorder) என்ற தனிக் கோளாறாக வரையறுக்கிறது. வசைமாரியோ சேதமில்லாத தாக்குதலோ வாரத்துக்குச் சராசரியாக 2 முறை வீதம் 3 மாதம் நீடிக்க வேண்டும், அல்லது பொருளை உடைப்பதோ ஆளைக் காயப்படுத்துவதோ 12 மாதத்துக்குள் 3 முறை நடந்திருக்க வேண்டும். வயது குறைந்தது 6. வேறு நோயால் வந்ததில்லை என்பதையும் உறுதி செய்த பிறகே அந்தப் பெயரை எழுதுவார்கள்.

இதைவிட அதிகம் காணப்படுவது, வேறொன்று கோபத்தின் வேஷத்தில் வருவது. மனச்சோர்வு எல்லோருக்கும் அழுகையாக வருவதில்லை. பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, எரிச்சலாகவே வெளிப்படுகிறது. பதற்றம், பழைய அதிர்ச்சி அனுபவம், கவனக்குறைவுக் கோளாறு, மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறு என்று பலவற்றிலும் எரிச்சல் உண்டு. அடியில் இருப்பதைக் கவனிக்காமல் 'கோபத்தைக் குறை' என்று மட்டும் பயிற்சி கொடுத்தால் பலன் நிற்காது.

5. உடம்புல ஏதாவது கோளாறுனாலயும் கோபம் வருமா?

வரும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை சட்டென்று இறங்குவது, நாள்பட்ட வலி, மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் வரும் கடும் மனநிலை மாற்றம், தலைக்காயம் எல்லாம் எரிச்சலைக் கூட்டக்கூடியவை. உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூக்கம் நிறைவதில்லை. அந்தக் களைப்பு பகலில் சிடுசிடுப்பாக வெளிவரும்.

மருந்துகளும் காரணமாகலாம். ஸ்டீராய்டு மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கப்படும் லெவெடிரசெட்டம், உடற்பயிற்சி செய்பவர்கள் சிலர் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் ஆண்மை ஹார்மோன் ஊசிகள் ஆகியவை தெரிந்த உதாரணங்கள். 'இந்த மாத்திரை தொடங்கினபிறகுதான் இப்படி' என்று தோன்றினால் தேதியோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

6. சிகிச்சைன்னா என்ன, உக்காந்து பேசிக்கிட்டே இருக்கிறதா?

பேச்சும் உண்டு, ஆனால் அதிகம் நடப்பது பயிற்சி. பரவலாகப் பயன்படுவது சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. கோபத்துக்கென்று அதை முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாகோ. 1970களில் அவர் தொடங்கிய பாதையில்தான் இன்றைய பல பயிற்சிகள் போகின்றன. கோபமே வராமல் செய்வது இதன் நோக்கமில்லை. கோபம் வருவதற்கும் நீங்கள் ஏதாவது செய்வதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நீட்டுவதுதான் நோக்கம்.

'நேற்று மகளிடம் கத்தினேன்' என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாளர் அந்த ஒற்றை வரியை நிமிடம் நிமிடமாகப் பிரிப்பார். மதியம் சாப்பிடவில்லை. திரும்பும்போது நெரிசலில் 40 நிமிடம் நின்றாயிற்று. வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் போனிலிருந்து தலை தூக்கவில்லை. தாடை இறுகியது. 'இந்த வீட்டில் எனக்கு மதிப்பே இல்லை' என்று மனசில் ஓடியது. கூப்பிட்டார், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது குரல் உயர்ந்தது. போனைப் பிடுங்கி எறிந்தார். எல்லாம் ஒரு நொடியில் நடந்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தால், வேறு மாதிரி நடந்திருக்கக்கூடிய இடங்கள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதே சிகிச்சையின் பாதி வேலை.

மீதிப் பாதி மூன்று வகை. உடம்புக்கு: 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து 6 எண்ணும் வரை விடுவது, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறைப்படி ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துவது. மனசுக்கு: 'மதிப்பே இல்லை' என்ற வரியை எடுத்து, அது நடந்ததா அல்லது நாம் ஊகித்ததா என்று சோதிப்பது. வாய்க்கு: 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்பதை விட்டுவிட்டு, 'நான் வந்தப்போ நீ நிமிர்ந்து பார்க்கல, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு' என்று சொல்லப் பழகுவது. மூச்சுப் பயிற்சி 'வேலை செய்யலை' என்று சொல்பவர்களில் பலர் அதை முதன்முறையாகச் செய்து பார்ப்பதே கோபத்தின் உச்சத்தில்தான். அமைதியாக இருக்கும்போது தினமும் 10 நிமிடம் பழகியிருந்தால்தான் தேவையான நேரத்தில் அது கைகொடுக்கும்.

7. தலையணையைக் குத்தினா, தனியா போய்க் கத்தினா கோபம் வெளிய போயிடும்னு சொல்றாங்களே?

போகாது. உளவியல் ஆய்வாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சீண்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியிருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்கள் அதிக ஆக்ரோஷம் காட்டினார்கள். கோபம் வந்தால் அடிக்க வேண்டும் என்பதையே உடம்பு கற்றுக்கொள்கிறது. பொருளை உடைத்துத் தள்ளக் காசு கொடுத்துப் போகும் அறைகளுக்கும் இதே பதில்தான். நடப்பதும் ஓடுவதும் நல்லது, ஆனால் சண்டையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே ஓடினால் அதிலும் பலன் குறைவு.

8. கோபம் வந்தா எழுந்து வெளிய போயிடறேன். 'பாதியில ஓடிப்போறியா'ன்னு அதுவே இன்னொரு சண்டையாகுது.

விலகிப் போவது சரியான உத்திதான். சொல்லாமல் போவதுதான் சிக்கல். சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் உட்கார்ந்து விதிகளைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கோபம் 10-க்கு 5 அல்லது 6-ஐத் தொடும்போதே கிளம்ப வேண்டும். 9 வந்தபின் முடியாது. கிளம்பும்போது சொல்ல ஒரே வாக்கியம்: 'எனக்குக் கோபம் ஏறுது, அரை மணி நேரத்துல வந்து பேசறேன்.' சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும், விட்ட பேச்சைத் தொடர வேண்டும். இன்னும் தணியவில்லை என்றால் வந்து அதைச் சொல்லிவிட்டு மறுநேரம் குறிக்க வேண்டும். அடுத்தவர் வழிமறிக்கவோ பின்தொடரவோ கூடாது.

20 நிமிடத்துக்குக் குறைவாகப் போய்வந்து பிரயோஜனமில்லை. படபடப்பு அடங்க உடம்புக்கு அவ்வளவு நேரமாவது வேண்டும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள், குடிக்காதீர்கள், 'திரும்பிப் போய் இதைக் கேட்கிறேன்' என்று வசனம் தயாரிக்காதீர்கள்.

9. எத்தனை நாள் ஆகும்?

தனிச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள். குழுப் பயிற்சியில் பரவலாக இருக்கும் ஒரு வடிவம் 12 வாரம், ஒவ்வொரு வாரமும் 90 நிமிடம். கேள்வி 4-இல் சொன்ன மாதிரி அடியில் வேறு பிரச்சினை இருந்தால் கூடுதலாகும்.

முன்னேற்றத்தைக் குறிப்பேட்டில் தேடுங்கள். முதலில் கோபம் வருவது குறையாமலே இருக்கலாம். ஆனால் 9 வரை போனது 6-இல் நிற்கும், இரண்டு நாள் நீடித்தது இரண்டு மணி நேரத்தில் முடியும். 'இன்னும் கோபம் வருதே' என்று இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல மாற்றம் தொடங்கிய நேரத்திலேயே விட்டுவிடுகிறார்களே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

10. மாத்திரை கொடுத்துத் தூங்க வச்சிடுவாங்களா?

கோபத்துக்கென்றே தனி மாத்திரை கிடையாது. அடியில் இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், இருதுருவக் கோளாறு போன்றவற்றுக்குத்தான் மருந்து. கேள்வி 4-இல் சொன்ன வெடிப்புக் கோளாறில், மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்ஸடின் வகை மருந்துகள் சிலருக்குப் பலன் கொடுக்கின்றன; மனநிலையைச் சீராக்கும் மருந்துகளையும் சில வேளைகளில் எழுதுவார்கள். ஃப்ளூவாக்ஸடின் வகை வேலை செய்ய வாரங்கள் ஆகும். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு 'ஒண்ணும் தெரியலை' என்று நிறுத்துவதிலும், நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதிலும் அர்த்தமில்லை. அளவைக் குறைப்பதை மருத்துவரே செய்யட்டும்.

தெரிந்தவர் கொடுத்த தூக்க மாத்திரையையோ பதற்ற மாத்திரையையோ கோபத்துக்காகப் போடாதீர்கள். அல்ப்ரசோலம் போன்றவை சிலருக்கு இருக்கும் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும், குடியோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

11. ஆபீஸ்ல யார்கிட்டயும் கோபப்படறதில்ல. வீட்ல மட்டும்தான் என்னைக் கட்டுப்படுத்தவே முடியலை. ஏன்?

கேட்கச் சங்கடமான பதில், ஆனால் சொல்லியாக வேண்டும்: உங்களால் கட்டுப்படுத்த முடிகிறது. மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் திட்டும்போது உங்கள் கை மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே விளைவு உடனே தெரியும், வீட்டில் தெரியாது என்பதுதான் வித்தியாசம். பகல் முழுக்க அடக்கியது மாலையில் வெளிவருவதும் உண்டுதான். ஆனாலும் அது யார்மேல் இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதை முதல் அமர்விலேயே சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். திறமை ஏற்கெனவே இருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். வீட்டில் உள்ளவர்கள் உங்களைக் கண்டு பயந்து, எதற்கும் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும் நிலை இருந்தால் அடுத்த பதிலும் உங்களுக்குத்தான்.

12. மனைவி மேல கை நீட்டிட்டேன். கோபத்துக்குக் கவுன்சிலிங் போனா போதுமா?

போதாது. துணையை அடிப்பது, மிரட்டுவது, பணத்தையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைக் கோபம் என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. அதற்கென்று தனியாக, குடும்ப வன்முறை செய்தவர்களுக்கான திட்டங்கள் இருக்கின்றன. அவை நீளமானவை, பொறுப்பேற்பதை மையமாக வைத்தவை. போகும் இடத்தில் 'அடித்திருக்கிறேன்' என்று நேராகச் சொல்லி, இதில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

அடி தொடர்ந்துகொண்டிருக்கும்போது தம்பதியாகச் சேர்ந்து கவுன்சிலிங் போக வேண்டாம். அறைக்குள் மனைவி உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனபின் அதற்கும் சேர்த்து அடிவிழலாம். சொல்லாவிட்டால் சிகிச்சைக்கே அர்த்தமில்லை. அடிபடுகிறவர் இதைப் படிக்கிறீர்கள் என்றால்: அவர் திருந்தும்வரை காத்திருப்பது உங்கள் வேலை இல்லை. உங்கள் பாதுகாப்பு முதலில். கழுத்தை நெரித்திருந்தாலோ, ஆயுதத்தைக் காட்டியிருந்தாலோ, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தாலோ ஆபத்து மிக அதிகம். நம்பிக்கையான ஒருவரிடமும் அவசர உதவிக்கும் இன்றே சொல்லுங்கள்.

13. நான் சொல்றதெல்லாம் ரகசியமா இருக்குமா?

பொதுவாக இருக்கும், சில விதிவிலக்குகளோடு. குறிப்பிட்ட ஒருவரின் உயிருக்கோ உங்கள் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை வழக்கமான விதிவிலக்குகள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். 'அவனைக் கொல்லலாம் போல இருந்தது' என்று சொன்னதற்காக யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். திட்டமும் எண்ணமும் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். வேலையிடமோ நீதிமன்றமோ அனுப்பியிருந்தால் அவர்களுக்கு என்ன அறிக்கை போகும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். வீடியோ வழியில் பேசுவதானால் அடுத்த அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

14. பிரச்சினை என் வீட்டுக்காரருக்குத்தான். டாக்டர்னு சொன்னாலே இன்னும் கோபம் வருது. எப்படிக் கூட்டிட்டுப் போறது?

சண்டை முடிந்த சூட்டில் சொல்லாதீர்கள். அமைதியான நேரத்தில், ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்லுங்கள்: 'செவ்வாய்க்கிழமை நீங்க தட்டை எறிஞ்சப்போ சின்னவன் கட்டிலுக்கு அடியில போயிட்டான்.' 'உங்களுக்கு மனசு சரியில்லை' என்று தொடங்கினால் கதவு அங்கேயே மூடிவிடும். தூக்கம், தலைவலி, ரத்த அழுத்தம் என்று அவரே குறைபட்டுக்கொள்ளும் ஏதாவது இருந்தால் அதற்காகப் பொது மருத்துவரிடம் போவது நல்ல வழி. ஆனால் ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள், அடுத்த முறை வரவே மாட்டார்.

வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். எதைப் பொறுத்துக்கொள்வது, எங்கே நிறுத்துவது, பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதற்கு உங்களுக்கும் துணை வேண்டும். அவரிடம் பேசவே பயமாக இருக்கிறது என்றால் பேசாதீர்கள். கேள்வி 12-ஐப் படியுங்கள்.

15. பையனுக்கு 9 வயசு, எடுத்ததுக்கெல்லாம் எறியறான். எங்க அப்பாவுக்கு 70 வயசு, அமைதியான மனுஷன், திடீர்னு கை ஓங்கறார். ரெண்டுக்கும் ஒரே சிகிச்சையா?

இல்லை. பிள்ளைக்குச் சிகிச்சை என்றால் பெரும்பகுதி பெற்றோருக்கான பயிற்சிதான்: எதைப் பாராட்டுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, சொன்ன விளைவை எப்படி ஒவ்வொரு முறையும் நிறைவேற்றுவது. படிப்பதில் சிரமம், பள்ளியில் யாராவது துன்புறுத்துவது, காது சரியாகக் கேட்காதது ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். அடித்து அடக்கினால், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

முதியவர் விஷயம் அவசரம். ஓரிரு நாளில் குணம் மாறினால் கிருமித்தொற்று, புது மருந்து, சோடியம் குறைவு போன்ற உடல் காரணங்கள் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாதக்கணக்கில் மெல்ல மாறியிருந்தால் மறதி நோய்க்கான பரிசோதனை தேவை. சில வகைகளில் மறதிக்கு முன்பே குணமாற்றம்தான் தெரியும்.

16. நாலு தடவை போனேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

வீட்டுப் பயிற்சியைச் செய்தீர்களா என்பதை முதலில் பாருங்கள். செய்தும் மாற்றமில்லை என்றால், 'எனக்குப் பலன் தெரியலை, என்ன மாத்தலாம்?' என்று அவரிடமே கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அறிவுரை மட்டும் சொல்கிறார், உங்கள் குறிப்பேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். குடி தொடர்ந்துகொண்டிருந்தால் யாரிடம் போனாலும் இதே கதைதான்; அதற்கான சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

17. ஆறு மாசம் நல்லா இருந்தேன். நேத்து மறுபடியும் கத்தித் தீர்த்துட்டேன். எல்லாம் வீணா?

வீணாகவில்லை. தூக்கம் கெட்டது, வேலைப் பளு, உடம்பு வலி, விட்டுப்போன பயிற்சி என்று பின்னால் ஏதாவது இருக்கும். கேள்வி 6-இல் செய்த மாதிரி நேற்றைய சம்பவத்தை இன்றே பிரித்து எழுதுங்கள். யாரிடம் கத்தினீர்களோ அவரிடம், 'ஆனா நீயும்...' என்று இழுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அவர் உடனே சமாதானமாகாவிட்டால் அதற்காகக் கோபப்படாதீர்கள். பிறகு பழைய சிகிச்சையாளரிடம் ஓரிரு அமர்வு கேட்டு இந்த வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். போகும்போது அந்தக் காகிதத்தை எடுத்துப்போங்கள்.